கஷ்டப்படாத பெண்

உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி பேலன்ஸ் பீமின் மேல் செய்து காட்டும் வித்தை கடினமானதா, சுலபமானதா என்று தீர்மானிப்பது சாதாரணப் பொறுப்பு அல்ல. பெங்களூரில் அந்தப் பொறுப்பைக் கடினத்தன்மை அங்கீகாரத் துணைக்குழு என்ற அமைப்பு சுமந்துகொண்டிருந்தது.

பீம் என்பது உள்ளங்கை அகலத்தில், நெஞ்சு உயரத்தில் நிறுத்திய நீளக் கட்டை. அதன் மேல் பெண்கள் நடப்பார்கள், குதிப்பார்கள், கரணம் போடுவார்கள். எந்த வித்தைக்கு எவ்வளவு மதிப்பெண், விழுந்தால் எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதற்கெல்லாம் உலகம் முழுவதற்கும் ஒரு விதிப்புத்தகம் உண்டு. துணைக்குழுவிடமும் அது இருந்தது. ஒரு பக்கம்கூட மடங்காமல் பாதுகாத்து வந்தார்கள்.

துணைக்குழுவின் தலைவர் வெங்கடராமன். அரசுத் துறை ஒன்றில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவர். விளையாட்டு அனுபவத்துக்கும் குறைவில்லை. கேரம் சங்கத்தில் பல காலம் செயலாளராக இருந்தார். மற்ற இரண்டு உறுப்பினர்களில் ஒருவர் சதுரங்கத்திலிருந்து வந்தவர். இன்னொருவர் வெங்கடராமனின் காரில் வந்தவர்.

இப்படிப்பட்ட நிபுணர்கள் முன்னிலையில்தான் நிக்கோல் தன் மாணவியை மாவட்டப் போட்டிக்கு அழைத்துப்போனாள்.

நிக்கோல் தொம்மலூரில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மிஸ். வீடு ஜீவனஹள்ளியில். சின்ன வயதில் அவளே பீமில் ஏறி ஆடியவள். முழங்கால் போன பிறகு கீழே நின்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்த வேலை. புதுப்பிக்கும் மாதம் நெருங்கினால் பள்ளி முதல்வரைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் கூடுதலாகவே சிரிப்பாள்.

மாணவியின் பெயர் இளவேனில். ஒன்பதாம் வகுப்பு. ஒல்லியான பெண், அதிகம் பேசமாட்டாள். பீமில் பேக் ஃப்ளிக் போடுவாள். அதாவது, நின்ற இடத்திலிருந்து பின்னால் பாய்ந்து, தலைகீழாகக் கட்டையில் கையூன்றி, மறுபடி அதே கட்டையில் காலால் வந்து நிற்பது. பின்னால் கட்டை இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்க முடியாது. இருக்கிறது என்று நம்பிப் பாய வேண்டும். அந்த நம்பிக்கை வருவதற்குள் இளவேனிலின் முதுகிலும் தொடையிலும் கன்றிப்போகாத இடம் இல்லை. நிக்கோல் பக்கத்திலேயே நின்று தாங்கித் தாங்கித் தோள்பட்டை வலிக்கு ஆளானாள். கடைசியில் ஒரு நாள் அது வந்தது. வந்த பிறகு ஒரு நாளும் தவறியதில்லை.

மாவட்டப் போட்டியிலும் தவறவில்லை. பாய்ந்தாள், நின்றாள். கட்டையிலிருந்து சின்னச் சத்தம்கூட எழவில்லை.

அடுத்து சுப்ரியா என்ற பெண் ஏறினாள். பெரிய பள்ளி, பெரிய பேருந்து, கூடவே பெரிய பெற்றோர் கூட்டம். சுப்ரியா கட்டையின் நடுவில் ஒரு காலில் சுற்றித் திரும்ப முயன்றாள், விழுந்தாள். அழுதுகொண்டே ஏறினாள். மறுபடி திரும்பினாள், மறுபடி விழுந்தாள். அரங்கமே "ஐயோ" என்றது. மூன்றாவது முறை ஏறிக் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

முடிவு அறிவித்தார்கள். கடினத்தன்மைப் பிரிவில் சுப்ரியாவுக்கு முழு மதிப்பெண். இளவேனிலுக்குப் பூஜ்யம்.

ஏதோ கைத்தவறு என்று நினைத்து நிக்கோல் நடுவர் மேஜைக்குப் போனாள்.

"சார், என் ஸ்டூடண்ட் போட்டது பேக் ஃப்ளிக். புக்லயே இருக்கு. அதுக்கு நீங்க ஒண்ணுமே போடலையே?"

வெங்கடராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நோடி மேடம், இங்க பாருங்கோ, இந்தக் கட்டத்துல என்ன எழுதியிருக்கு? கடினமான வித்தைக்கு மார்க்னு. கடினம்னா என்ன? கஷ்டம். உங்க பொண்ணு கஷ்டப்பட்டாளோ?"

"இல்ல சார். அவ்ளோ பழகியிருக்கா. அதனாலதான்..."

"பாத்தேளா, நீங்களே ஒத்துக்கறேள். கஷ்டமே படலை. கஷ்டப்படாதவளுக்குக் கஷ்டத்துக்கான மார்க்கைத் தூக்கிக் குடுத்தா, நாளைக்கு ஆடிட்ல யார் பதில் சொல்றது?"

"சார், பழகும்போது பட்ட கஷ்டம்?"

"அது உங்க ஸ்கூல்ல நடந்தது. எங்க ஜூரிஸ்டிக்ஷன்ல வராது."

"அப்போ சுப்ரியா? அவ போட்டது சும்மா ஒரு டர்ன். அதுலயும் விழுந்துட்டா. புக்படி கழிக்கணும் சார்."

"விழுந்தாள். அழுதாள். அப்புறமும் ஏறினாள். எஷ்டு கஷ்ட! எவ்வளவு கஷ்டம்! என் கண்ணுல ஜலமே வந்துடுத்து." வெங்கடராமன் சதுரங்கக்காரரைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றேள்?"

"நான் பேனாவை மூடித் திறக்கறதுக்குள்ள இவங்க பொண்ணு முடிச்சிட்டுது," என்றார் சதுரங்கக்காரர் குறைப்பட்டுக்கொண்டு. "அவ்வளவு கடினமா இருந்தா இவ்வளவு சீக்கிரம் முடியுமா?"

காரில் வந்தவர் இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

நிக்கோல் எழுத்தில் ஒரு ஆட்சேபம் கொடுத்தாள். துணைக்குழு அதைத் தீவிரமாகப் பரிசீலித்தது. இப்படி ஒரு சந்தேகம் எழ இடம் கொடுத்ததே தவறு என்று உணர்ந்தது. உணர்ந்ததன் பலனாக ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. "கடினத்தன்மை கோரும் மாணவி, மேற்படி கடினத்தை, நடுவர்கள் தத்தம் இருக்கையை விட்டு எழாமலே காணும் வண்ணம் வெளிப்படுத்தக் கடமைப்பட்டவள் ஆவாள்" என்று அது தொடங்கியது. நடுக்கம் இருந்தால் குறைந்தபட்ச மதிப்பெண். வியர்வை சேர்ந்தால் கொஞ்சம் அதிகம். விழுந்து எழுந்தால் இன்னும் அதிகம். விழுந்து அழுது எழுந்தால் முழுமை.

அதன் பிறகு பெங்களூரில் நடந்ததை நிக்கோல் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விழக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகள் முளைத்தன. நாடகக்காரர் ஒருவர் இந்திராநகரில் நடுக்கப் பயிற்சிக் கூடம் திறந்தார். அங்கே இடம் கிடைக்க எம்.எல்.ஏ. சிபாரிசு தேவைப்பட்டது. அக்குளில் வியர்வைக் கறை போலவே சாயமேற்றிய ஆட்ட உடைகள் கடைகளுக்கு வந்தன. அடிபடாத முழங்காலுக்குப் பள்ளி வண்ணத்தில் கட்டு போட்டு வருவது நாகரிகமாயிற்று. விளையாட்டே தெரியாத பெண்கள்கூடக் கட்டோடு காபிக்கடைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் மகள் விழும் வீடியோவைப் போட்டால் மற்றவர்கள் கைகூப்பிய பொம்மை போட்டார்கள். "எங்க பொண்ணு இப்போ நல்லா விழறா" என்று ஒரு அம்மா சொல்ல, "எங்களுது எவ்வளவு க்ளாஸ் அனுப்பியும் இன்னும் நேராவே நிக்குது, என்ன பாவம் பண்ணினோமோ" என்று இன்னொரு அம்மா கண்கலங்கியதை நிக்கோல் தன் காதாலேயே கேட்டாள்.

பள்ளி முதல்வர் ஜகதாம்பாள் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"நிக்கோல், பக்கத்து ஸ்கூல் பசங்க எல்லாம் விழறாங்க. நம்ம பொண்ணு ஒண்ணுதான் நிக்குது. மேனேஜ்மெண்ட்ல கேக்கறாங்க."

"நிக்கறதுக்குத்தானே மேடம் பீம்?"

"அது பழைய அப்ரோச்." ஜகதாம்பாள் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தார். "உங்க ரினியூவல் வேற வருது. நான் ஒண்ணும் சொல்லல. சும்மா ஞாபகப்படுத்தறேன்."

அன்று சாயங்காலமே இளவேனிலின் அப்பா பழனிச்சாமி மைதானத்துக்கு வந்தார். தர்மபுரிப் பக்கத்துக்காரர், மென்பொருள் கம்பெனியில் வேலை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, தயங்கித் தயங்கி நின்றார்.

"மிஸ், தப்பா நினைக்காதீங்க. பாப்பாவுக்கு ஸ்டேட் டீம் கெடைச்சா, நாளைக்குக் காலேஜுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்குது. கொஞ்சம் நடுங்கறதுக்குச் சொல்லிக் குடுத்துட்டீங்கன்னா..."

"நீங்களுமா சார்?"

"எங்க ஆபீஸ் கதையைச் சொல்றேன் கேளுங்க. எனக்குக் குடுத்த வேலையைச் சத்தமில்லாம முடிச்சு வெச்சுட்டு வீட்டுக்குப் போயிருவேன். பக்கத்து சீட்டுக்காரன் முடிக்கவே மாட்டான். ஆனா முடியல முடியலன்னு எல்லாருக்கும் மெயில் போட்டுக்கிட்டே இருப்பான். ஒரு தடவை மீட்டிங்லயே தலையில கைய வெச்சு உக்காந்துட்டான்."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"இப்போ அவர்தாங்க என் மேனேஜர்." பழனிச்சாமி அட்டையின் கயிற்றை விரலில் சுற்றினார். "எனக்குத்தான் அந்த வித்தை வரல. புள்ளையாவது பொழைச்சுக்கட்டும்."

நிக்கோலுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பழனிச்சாமியைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஜகதாம்பாளைப் பார்த்தால் பயமாக இருந்தது. மறுநாள் காலை அவள் இளவேனிலைக் கட்டையில் ஏற்றி, "இன்னைக்குக் கொஞ்சம் வேற மாதிரி பண்ணுவோம். காலை லூஸா விடு. ஆடு. விழற மாதிரி போ," என்றாள்.

இளவேனில் கைகளை மட்டும் ஆட்டினாள். பறவை விரட்டுவதுபோல இருந்தது. கால் இரண்டும் கட்டையில் ஆணி அடித்த மாதிரி நின்றன.

"கையில்ல, கால்!"

"விட மாட்டேங்குது மிஸ்."

"சரி, சாஞ்சு விழு. கீழ மேட் இருக்கு."

சாய்ந்தாள். பாதிச் சாய்வில் உடம்பு தானாகவே திரும்பி நேராகி நின்றது. இளவேனிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுகை வந்தது. "எல்லாரும் விழறாங்க, எனக்கு ஏன் மிஸ் வரல?" என்றாள். தன் வாழ்நாளில் நிக்கோல் அதைவிட அவமானமான கேள்வியைக் கேட்டதில்லை. ஆனாலும் விடாமல் சொல்லிக்கொடுத்தாள். கற்றுக்கொடுத்ததையெல்லாம் திரும்பப் பிடுங்குவதுபோல ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பெண்ணின் காலைக் கெடுத்தாள். மாநிலத் தேர்வுக்கு முன் ஒரு சுமாரான நடுக்கம் வந்துவிட்டது. ஜகதாம்பாள் நேரில் வந்து பார்த்துவிட்டு, "சூப்பர்," என்றார்.

மாநிலத் தேர்வு நடந்த அரங்கத்தில் மெத்தைகளை இரட்டை மடங்காகப் போட்டிருந்தார்கள். பெண்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தார்கள். சிலர் நின்ற இடத்திலேயே விழுந்தார்கள், சிலர் ஏறுவதற்கு முன்பே விழுந்தார்கள். ஒருத்தி கட்டையைத் தொட்டவுடன் கதறியதற்குச் சதுரங்கக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். சுப்ரியா இதற்குள் விழுவதில் தேர்ந்துவிட்டாள். தலைமுடி அவிழ்ந்து பரவும்படி விழுந்தாள். வெங்கடராமன் கைக்குட்டையை எடுத்தார்.

இளவேனில் ஏறினாள். கீழேயிருந்து நிக்கோல் விரல்களை ஆட்டிச் சைகை காட்டினாள். இளவேனில் நடுங்க ஆரம்பித்தாள். முழங்கால் ஆடியது, உதடு துடித்தது. நடுவர் மேஜையில் மூன்று பேனாக்கள் திறந்தன.

அப்புறம் அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, நின்றுவிட்டாள். நடுக்கம் போய்விட்டது. ஒரு தரம் நிக்கோலைப் பார்த்தாள். பின்னால் பாய்ந்தாள், நின்றாள். மூச்சுவிடாமல் மறுபடி பாய்ந்தாள், மறுபடி நின்றாள். ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு ஃப்ளிக். நிக்கோல் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. பிறகு கீழே குதித்து, கையை உயர்த்திக் கும்பிட்டுவிட்டு வந்து தன் ட்ராக்சூட் மேல்சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

நிக்கோல் அழுதாள். அவள் கீழே இருந்ததால் அதற்கு மதிப்பெண் இல்லை.

இளவேனிலுக்குக் கடினத்தன்மையில் பூஜ்யம். அதிலிருந்தும் கழித்தார்கள். ஆரம்பத்தில் கஷ்டப்படுவதாக நடுவர்களை நம்பவைத்து, பின்னர் ஏமாற்றியது குற்றம் என்று காரணம் சொன்னார்கள்.

"ஏண்டி அப்படிப் பண்ணின?" என்று நிக்கோல் கேட்டாள்.

"வெக்கமா இருந்துச்சு மிஸ்," என்றாள் இளவேனில்.

மாநில அணி தேசியப் போட்டிக்குப் போயிற்று. அங்கே நடுவர்கள் புத்தகத்தைப் படித்திருந்தார்கள். நம் பெண்கள் ஒருவர் விடாமல் விழுந்து, ஒருவர் விடாமல் அழுது, கடைசி இடத்தில் வந்தார்கள். ரயிலடியில் மாலையும் நாதஸ்வரமும் காத்திருந்தன. "மற்ற மாநிலத்துப் பெண்கள் கொஞ்சமும் கஷ்டப்படாமல் ஆடியதைக் கண்ணால் கண்டேன். தேசிய அளவில் உண்மையிலேயே கடினமாக ஆடியது நாம் மட்டும்தான்" என்று வெங்கடராமன் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். மறுநாள் அது படத்தோடு வந்தது. படத்தில் சுப்ரியா அழுதுகொண்டிருந்தாள். இந்தத் தடவை அந்த அழுகை நிஜம்தான் என்று நிக்கோலுக்குப் பட்டது.

அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் அவள் மேல்முறையீடு செய்தாள். வேலை போனால் போகட்டும் என்று நினைத்தாள். துணைக்குழு அவளை நேரில் வந்து விளக்கம் சொல்லச் சொன்னது. சம்பந்தப்பட்ட மாணவியும் வர வேண்டும் என்றார்கள்.

பழைய கட்டடம் ஒன்றின் மாடியில் துணைக்குழு கூடியிருந்தது. மேஜையில் உளுந்து வடையும் காபியும் இருந்தன. இளவேனிலைக் கதவோரம் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். உணர்ச்சிவசப்படக் கூடாது, நிதானமாகப் பேச வேண்டும் என்று நிக்கோல் பேருந்திலேயே முடிவு செய்துகொண்டிருந்தாள். அப்படியே பேசினாள். கடினம் வித்தையில் இருக்கிறது, முகத்தில் இல்லை என்றாள். விழுவதற்கு மதிப்பெண் கொடுத்தால் நிற்பதற்கு யாரும் வரமாட்டார்கள் என்றாள். ஒவ்வொரு வாக்கியமும் சுத்தமாக இருந்தது.

சதுரங்கக்காரர் போனில் மூழ்கியிருந்தார். காரில் வந்தவர் சட்னி இன்னும் இருக்கிறதா என்று பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

"சுருக்கமா சொல்லுங்கோ மேடம்," என்றார் வெங்கடராமன். "இவ்வளவு சாவகாசமா சொல்றேளே, பெரிய குறை ஒண்ணும் இருக்கறாப்பல தெரியலையே."

"சார், இந்தப் பொண்ணு முதுகைப் பாருங்க. எத்தனை தடவை..." என்று ஆரம்பித்த நிக்கோலுக்குக் குரல் உடைந்தது. அது தானாக உடைந்தது.

வெங்கடராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சதுரங்கக்காரர் போனைக் கவிழ்த்து வைத்தார். நிக்கோல் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அடுத்த வாக்கியத்தில் குரலை இன்னும் கொஞ்சம் உடையவிட்டாள். கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள். கையிலிருந்த காகிதங்கள் சிதறின. பொறுக்கக் குனிந்தவள் நெற்றியை மேஜை விளிம்பில் இடித்துக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள்.

மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். "தண்ணி, தண்ணி!" என்றார் காரில் வந்தவர். அவர் பேசி அன்றுதான் நிக்கோல் கேட்டாள்.

வெங்கடராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எத்தனையோ புகார் பாத்திருக்கேன் மேடம். இவ்வளவு கஷ்டப்பட்டு ஒருத்தரும் சொன்னதில்லை. குழு ஏகமனதா உங்க புகாருக்கு முழு மதிப்பெண் அளிக்கறது."

"அப்போ இளவேனிலுக்கு மார்க் வந்துருமா சார்?" என்றாள் நிக்கோல் தரையிலிருந்தபடியே.

"அதெப்படி? கஷ்டப்பட்டது நீங்க. மார்க் உங்களுக்குத்தான்." அவர் மற்றவர்களைப் பார்த்தார். "முழு மதிப்பெண் குடுத்தாச்சு. ஆக, மேற்படி புகார் நிறைவா முடித்து வைக்கப்படுகிறது. உங்க ஸ்கூலுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்பிடறோம்."

சால்வை ஒன்று எங்கிருந்தோ வந்தது. போர்த்தினார்கள். கைதட்டினார்கள். பாராட்டுக் கடிதம் என்றதும் ஜகதாம்பாளின் முகமும் ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதமும் நிக்கோலின் மனசில் வந்து போயின. "தேங்க்ஸ் சார்," என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

பேருந்து நிறுத்தத்தில் அவள் சால்வையைச் சுருட்டிப் பைக்குள் திணிக்கப் பார்த்தாள். பை சின்னது, ஓரம் வெளியே தொங்கியது. இளவேனில் வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கட்டுமா? உள்ள அழுதீங்களே, அது நிஜமா?"

"முதல்ல நிஜம்தான்."

"அப்புறம்?"

நிக்கோல் சால்வையின் ஓரத்தைப் பைக்குள் அழுத்தினாள். தொம்மலூர் பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி கிளம்பியதும் இளவேனில் அவள் பக்கம் சாய்ந்து, மரியாதையாக, ரொம்ப ஆவலாகக் கேட்டாள்:

"அந்த அப்புறத்தை மட்டும் எனக்கும் சொல்லிக் குடுங்க மிஸ். நாளைக்கே ஆரம்பிச்சுரலாம்."